போ ஆற்றுச் சமவெளியில் ஒரு வாரம்: பஞ்சாபிகள் பால் கறக்கும் ஊர்

நவம்பர் 8, சனி

இத்தாலியின் மிலானில் அதிவேக ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ரெஜ்ஜோ எமிலியாவின் புது நிலையம் வந்துவிடுகிறது. ஸ்பெயின் கட்டடக் கலைஞர் கலட்ராவா வடிவமைத்து 2013-இல் திறந்த நிலையம். வயல்களுக்கு நடுவே வெள்ளை இரும்பு வளைவுகள் அலை அலையாக நிற்கின்றன. அங்கேயே கீழே இறங்கி, குவஸ்தல்லா போகும் குட்டி ரயிலுக்கு மாறினேன். என் பெட்டியில் இருந்தவர்களில் பாதிப் பேர் தலைப்பாகை கட்டியிருந்தார்கள்.

தங்குவது நொவெல்லாராவுக்கும் குவஸ்தல்லாவுக்கும் நடுவே ஒரு மாட்டுப் பண்ணையில். நான் சண்டிகரில் வேலை பார்த்த காலத்தில் பக்கத்து வீட்டில் இருந்தவரின் தம்பி குடும்பம். அந்தத் தம்பியைப் பாஜி (அண்ணா) என்றும் அவர் மனைவியைப் பாபிஜி (அண்ணி) என்றும் கூப்பிடுகிறேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இத்தாலியக் கிராமத்தில் குடியேறிய வெளிநாட்டுக்காரர் என்றால், டஸ்கனிக் குன்றின் மேல் பழைய கல்வீட்டை வாங்கிப் புதுப்பித்த ஆங்கிலேயரோ அமெரிக்கரோதான் சட்டென்று ஞாபகத்துக்கு வருவார். போ ஆற்றுக்குத் தெற்கே, குன்றே இல்லாத இந்தச் சமவெளியில் 1980-களிலிருந்து பஞ்சாபிகள் குடும்பம் குடும்பமாக வாழ்கிறார்கள். உலகம் முழுக்கப் பாஸ்தா மேல் துருவிப் போடுகிற பர்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸுக்குப் பால் கறப்பவர்களில் நிறையப் பேர் இவர்கள். அவர்களின் சாதாரண நாள் எப்படி இருக்கிறது என்று கூடவே இருந்து பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

பண்ணை முதலாளியின் வீடு ஒருபக்கம், தொழுவம் நடுவில், பாஜியின் வீடு மறுபக்கம். வேலையோடு சேர்த்துக் கொடுத்த வீடு. மாடியில் இரண்டு அறை, கீழே சமையலறை. தொழுவத்தின் கதவு திறந்தால் சமையலறையில் கேட்கும்.

ராத்திரி ஒரு சங்கதி நடந்தது. பாபிஜி மின்சார ஓவனில் கேக் வைத்திருந்தார். துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கெட்டிலைப் போட்டதும் வீடே இருண்டுவிட்டது. இத்தாலியில் பெரும்பாலான வீடுகளுக்கு 3 கிலோவாட் இணைப்புதான். அதைத் தாண்டினால் மீட்டர் தானாக நிறுத்திவிடும். மீட்டர் இருப்பதோ வெளிக் கேட்டில். பெரிய மகள் போனில் விளக்கை அடித்துக்கொண்டு மூடுபனிக்குள் போய் பொத்தானைத் தூக்கிவிட்டு வந்தாள். யாரும் சலித்துக்கொள்ளவில்லை. எதோடு எதைச் சேர்த்துப் போடலாம், கூடாது என்பது இந்த வீட்டுச் சின்னப் பையனுக்குக்கூட மனப்பாடம்.

நவம்பர் 9, ஞாயிறு

நொவெல்லாராவின் சீக்கியக் கோயிலான குருத்வாரா. ஊருக்கு வெளியே, பட்டறைகளும் கிடங்குகளும் இருக்கிற பகுதியில் வெள்ளைக் குவிமாடம் தெரிகிறது. 2000-ஆம் ஆண்டு இதைத் திறந்து வைத்தவர் ரோமானோ ப்ரோதி. அப்போது அவர் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர். இதே ரெஜ்ஜோ எமிலியா மாவட்டத்துக்காரர்தான்.

குருநானக் ஜெயந்தி புதன்கிழமையே வந்துவிட்டது. வேலை நாள் என்பதால் அன்று வர முடியாதவர்கள் இன்று வந்திருந்தார்கள். வாசலில் நிறுத்தியிருந்த கார்களின் எண் பலகைகளை வைத்தே மாந்துவா, மோதெனா, பர்மா என்று பக்கத்து மாவட்டங்களின் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டார்கள். எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கரில் பருப்பு, ரொட்டி, கீர். ரொட்டி தேய்க்கிற வரிசையில் எனக்கும் ஒரு கட்டை கிடைத்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஜலந்தர் பக்கம். மருமகள் கிரெமோனாவில் நர்ஸ் என்று பெருமையாகச் சொன்னார்.

கூட்டம் சரியாக இரண்டரை மணிக்குக் கரையத் தொடங்கியது. சொற்பொழிவு முடிந்ததால் அல்ல. மாலைக் கறவைக்கு நேரமாகிவிட்டது. ஞாயிறு, திருவிழா, கிறிஸ்துமஸ், எதுவானாலும் மாட்டுக்குத் தெரியாது.

சாப்பிடும்போது பேச்சு தெற்கே திரும்பியது. ரோமுக்குக் கீழே லத்தீனா மாவட்டத்துக் காய்கறி வயல்களிலும் நிறையப் பஞ்சாபிகள் வேலை செய்கிறார்கள். ஆனால் அங்கே கதை வேறு. கங்காணிகள் வைத்து ஆள் பிடிப்பதைத் தண்டிக்க 2016-இல் சட்டம் வந்தும், ஒப்பந்தமில்லாமல் கூலிக்கு நிற்பவர்கள் இன்னும் உண்டு. 2024 ஜூனில் சத்னாம் சிங் என்கிற 31 வயதுத் தொழிலாளிக்கு இயந்திரத்தில் சிக்கிக் கை துண்டாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் அவர் வீட்டுப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். இரண்டு நாளில் இறந்துபோனார். பெயரைச் சொன்னதும் மேசையில் எல்லோரும் கொஞ்ச நேரம் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாட்டுப் பண்ணை வேலைக்கு நிரந்தர ஆள் வேண்டும். பழகிய கைக்கு மாடும் பழகியிருக்கும். அதனால் இங்கே ஒப்பந்தம், வீடு, விடுப்பு எல்லாம் முறையாக இருக்கிறது என்றார் பாஜி. சொல்லிவிட்டு, “இங்கேயும் எல்லா இடத்திலும் இல்லை” என்று சேர்த்துக்கொண்டார்.

நவம்பர் 10, திங்கள்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

மூன்றரை மணிக்கு பாஜியோடு தொழுவத்துக்குப் போனேன். வெளியே பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. உள்ளே மாடுகளின் சூடு. ரேடியோவில் மெதுவாக குர்பானி, அதாவது சீக்கியப் பக்திப் பாடல். மாடுகள் எட்டு எட்டாகக் கறவை மேடைக்கு வந்து நிற்கின்றன. பாஜி கீழே பள்ளத்தில் நிற்கிறார், மடி அவர் முகத்துக்கு நேராக வருகிறது. முதலில் துடைக்கிறார். அப்புறம் ஒவ்வொரு காம்பிலும் முதல் பீச்சலைக் கருப்புக் கோப்பையில் கறந்து விளக்கில் பார்க்கிறார். திரி திரியாக இருந்தால் மடிநோய். அந்த மாட்டின் பால் தனி. சரியாக இருந்தால்தான் கறவை இயந்திரத்தின் நான்கு குவளைகளையும் மாட்டுகிறார். ஒரு மாடு மட்டும் காலைத் தூக்கியது. பாஜி அதன் தொடையில் உள்ளங்கையை வைத்து, பஞ்சாபியில் இரண்டு வார்த்தை, இந்த ஊர் எமிலியப் பேச்சில் இரண்டு வார்த்தை சொன்னார். காலை இறக்கிவிட்டது. அவருக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த கிழவர் இத்தாலியனே சரியாகப் பேச மாட்டாராம், ஊர்ப் பேச்சுதான். மாடுகளுக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது.

இந்தப் பால் வெறும் பால் இல்லை. அதற்குக் கட்டுப்பாடு ஏராளம். பர்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா மாவட்டங்கள் முழுவதும், போலோன்யாவில் ரேனோ ஆற்றுக்கு இந்தப் பக்கம், மாந்துவாவில் போ ஆற்றுக்கு இந்தப் பக்கம். இதற்குள் கறந்து இதற்குள்ளேயே செய்தால்தான் பர்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயர். மாட்டுக்குக் காய்ந்த புல் முக்கியம். சைலேஜ், நம் கால்நடைத் துறைக்காரர்கள் ஊறுகாய்ப் புல் என்பார்களே, அது கூடவே கூடாது. ஒரு கறவை முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் பால் சீஸ் கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த ஊர் மகன்கள் தொழுவத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனதற்குக் கூலி மட்டும் காரணமில்லை என்று இங்கே நின்று பார்த்தால்தான் புரிகிறது. விடியற்காலை ஒரு தடவை, பிற்பகல் ஒரு தடவை, வருடத்தில் 365 நாளும். நடுவில் இருக்கிற நேரம் தூக்கத்துக்கே சரியாக இருக்கும். அவர்கள் விட்டுப்போன நேரத்தை எடுத்துக்கொண்டவர்கள் இவர்கள்.

பால் வண்டியின் பின்னாலேயே சீஸ் கூடத்துக்கும் போனோம். நேற்று மாலைப் பால் ராத்திரி முழுக்க அகலமான தொட்டிகளில் கிடந்து ஆடை கட்டியிருந்தது. ஆடையை விட்டுவிட்டு அடிப்பாலோடு காலைப் பாலைச் சேர்க்கிறார்கள். பாத்திரம் செம்பு, கவிழ்த்த மணியின் வடிவம், ஒவ்வொன்றும் ஆயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும். உறைமோர் ஊற்றுவதுபோல, நேற்றைய சீஸ் பிரிந்தபோது எடுத்து வைத்த நீரைக் கொஞ்சம் விடுகிறார்கள். அப்புறம் பாலைக் கெட்டியாக்கும் ரென்னட். சில நிமிடத்தில் கெட்டியாகிறது. சீஸ் மேஸ்திரி நீளமான கம்பிக் கூண்டு ஒன்றை விட்டு அதை அரிசி அளவுக்கு உடைக்கிறார். 55 டிகிரி வரை சூடேற்றி அப்படியே விட்டுவிட்டால், அந்த நொய் எல்லாம் அடியில் போய் ஒரே கட்டியாகிறது. துணி போட்டுத் தூக்கி இரண்டாக வெட்டுகிறார்கள். ஒரு பாத்திரத்துக்கு இரண்டு சக்கரம். அச்சில் வைத்து, பக்கவாட்டில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் பதித்து, சுமார் 20 நாள் உப்புத் தண்ணீரில் மிதக்க விட்டு, குறைந்தது 12 மாதம் மர அலமாரியில் வைக்கிறார்கள். வருடம் முடிந்ததும் சிறு சுத்தியலோடு பரிசோதகர் வருவார். தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். தேறினால்தான் சூட்டு முத்திரை. ஒரு கிலோ சீஸுக்கு சுமார் 14 லிட்டர் பால். ஒரு சக்கரம் 40 கிலோ அளவுக்கு வரும்.

இங்கேயும் செம்புப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு பஞ்சாபி இளைஞர்கள். ஒருவர் மேஸ்திரிக்கு அடுத்த இடத்தில் இருக்கிறார். துணியின் முனையை யார் பிடித்துத் தூக்குவது என்பதில் அவ்வளவு நம்பிக்கை வேண்டும். எங்கே பார்த்தாலும் இது எங்கள் மண்ணின் அடையாளம் என்று விளம்பரம் செய்கிற பொருள் இது. ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் சக்கரம் செய்கிறார்கள். அந்த மண்ணில் நின்று விடியற்காலையில் கறக்கிற கைகளையும் அந்த விளம்பரத்தில் காட்டினால் அதன் பெருமை கூடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்ததும் இன்னொன்று தெரிந்தது. ரென்னட் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது, இந்தச் சீஸுக்கு வேறு வகை ரென்னட் சேர்க்க விதி இல்லை. பாஜியின் அம்மா அமிர்தம் எடுத்தவர், அதாவது சீக்கிய தீட்சை பெற்றவர், சைவம். மகன் கறந்த பாலில் செய்த சீஸை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. அதே பாலை வாங்கிவந்து எலுமிச்சை பிழிந்து பனீர் செய்துகொள்கிறார். பிள்ளைகள் சீஸ் சாப்பிடுகிறார்கள். கீரையும் சீஸும் வைத்துச் சுடுகிற எர்பட்சோனே என்ற பண்டத்தைப் பேக்கரியில் வாங்கும்போது மட்டும், பன்றிக் கொழுப்பு சேர்த்ததா என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். பேக்கரி அம்மாவுக்கு அது பழக்கமாகிவிட்டது. இவர்களைப் பார்த்ததும் அவரே எடுத்துச் சொல்லிவிடுகிறார்.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று புனித மர்த்தீனோ நாள். ஊர்க் கடையில் வறுத்த கஷ்கொட்டையும் புது ஒயினும். பண்ணை முதலாளியின் அப்பா, வயது தொண்ணூறுக்குப் பக்கம், வெயில் வந்த அரை மணி நேரத்துக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெரிய மகள் மொழிபெயர்த்துச் சொல்ல, நான் கேட்டுக்கொண்டேன்.

இந்தச் சமவெளியில் பண்ணை ஆட்களின் ஒப்பந்தம் நவம்பர் 11-ஆம் தேதியோடு முடியும். விதைப்பும் அறுப்பும் ஓய்ந்த நேரம். முதலாளி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் வீடு பண்ணையினுடையது. கட்டில், கோழிக்கூண்டு, பாத்திரம், பிள்ளைகள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அன்றைக்கே அடுத்த பண்ணைக்குப் போவார்கள். தன் சின்ன வயதில், பனியில் அப்படி வரிசையாகப் போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன் என்றார். அவர் அப்பாவே அப்படி இந்தப் பண்ணைக்குக் கூலியாக வந்தவர்தானாம். பிறகுதான் நிலம் வாங்கினார்கள்.

பாஜி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் இது அவருக்கு நான்காவது தொழுவம். முதலாவது மாந்துவாப் பக்கம். அங்கே முதலாளி மாடுகளை விற்றுவிட்டார். வேறு வீடு பார்க்க ஒரு மாதம் கொடுத்தார், நல்ல மனுஷன். பெரியவள் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளி மாறினாள், டாக்டர் மாறினார், ஊராட்சிப் பதிவு மாறியது. பதிவு மாறினால் புது முகவரியில் நிஜமாகவே குடியிருக்கிறோமா என்று ஊராட்சிக் காவலர் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

கிழவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். “நாங்களும் அப்படித்தான்” என்று மட்டும் சொன்னார். வெயில் போனதும் பாஜிதான் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

நவம்பர் 12, புதன்

காகித நாள். பாஜியின் அக்கா மகனுக்குத் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். புகையிலைக் கடையில் 16 யூரோ வருவாய் முத்திரை. போஸ்ட் ஆபீஸில் படிவம் வைத்த கனமான உறை. கட்டணம், அட்டைக்கு 30.46 யூரோ, உறையை வாங்கிக்கொள்ள 30 யூரோ. ஒரு ரசீது கொடுப்பார்கள். அப்புறம் மாவட்டக் காவல் அலுவலகத்தில் கைரேகைக்கு ஒரு தேதி. அட்டை கைக்கு வரும்வரை அந்த ரசீதுதான் ஆதாரம். பையன் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

வரும் வழியில் பாபிஜிதான் கார் ஓட்டினார். அதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தை இங்கே மாற்றிக்கொள்ள முடியாது, இரு நாட்டுக்கும் அதற்கு உடன்பாடு இல்லை. குடியிருப்புப் பதிவு செய்து ஒரு வருடம் வரை பழைய உரிமம் செல்லும். அதற்குமேல் முதலிலிருந்து பரீட்சை. எழுத்துத் தேர்வில் 30 கேள்வி, சரியா தவறா என்று சொல்ல வேண்டும், 20 நிமிடம், மூன்று தவறு வரை விடுவார்கள். இவர்கள் இத்தாலியனில்தான் எழுத வேண்டும். பஞ்சாபியும் கிடையாது, ஆங்கிலமும் கிடையாது. கேள்விகள் சட்ட மொழியில் சுற்றி வளைத்து இருக்கும்.

பண்ணை வீட்டிலிருந்து கடைக்கு ஐந்து கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை. பாஜி காலையிலும் மாலையிலும் தொழுவத்தில். கார் ஓட்டத் தெரியாத பெண் என்றால் அந்த வீட்டுச் சுவர்தான் அவள் உலகம். முதல் சில வருடம் அப்படித்தான் இருந்தேன் என்றார் பாபிஜி. மூடுபனிக் காலத்தில் வாரக்கணக்கில் வீட்டு மனிதர்கள் முகத்தைத் தவிர வேறு முகம் பார்க்காமல் இருந்திருக்கிறார். அப்புறம் சைக்கிள். இருட்டில் ஊருக்கு வெளியே சைக்கிள் ஓட்டினால் மின்னும் சட்டை போட வேண்டும் என்பது சட்டம். ஆரஞ்சு நிறச் சட்டை இன்னும் ஆணியில் தொங்குகிறது. மகள் பள்ளிப் பாடம் படிக்கிற மேசையிலேயே, எதிரில் உட்கார்ந்து கேள்வித் தொகுப்பைப் படித்தார். மகள் வார்த்தைக்கு அர்த்தம் சொன்னாள். முதல் தடவை போயிற்று, மறுபடி எழுதி ஜெயித்தார். இப்போது பக்கத்துப் பண்ணைப் பெண்கள் இருவருக்கு இவர்தான் வாத்தியார்.

பனி விளக்கைப் போட்டுக்கொண்டு, வாய்க்கால் ஓரத்து ஒற்றைச் சாலையில் நிதானமாக, கூடவே பேசிக்கொண்டே ஓட்டுகிறார். எனக்கு அவர் மேல் மரியாதை பெருகிக்கொண்டே போகிறது.

நவம்பர் 13, வியாழன்

நொவெல்லாராவில் ஒரு காலத்தில் ஊரை ஆண்ட கோன்சாகா குடும்பத்துப் பழைய கோட்டையையும், தூண் தாழ்வாரங்கள் சூழ்ந்த சதுக்கத்தையும் பார்த்தேன். அழகான ஊர். மதியம் கடைகள் எல்லாம் மூடிவிட்டார்கள். மூடியதும் பெஞ்சுகளில் உக்ரைன், மால்டோவா பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். முதியவர்களின் வீட்டிலேயே தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள். வழக்கமாக வியாழன் பிற்பகலும் ஞாயிறும் அவர்களுக்கு ஓய்வு. ஒருவர் போனில் பேரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மாடும் முதியவர்களும் ஆக இரண்டையும் வெளியூர்க்காரர்கள் கையில் ஒப்படைத்திருக்கிறது இந்தச் சமவெளி.

நவம்பர் 14, வெள்ளி

மாலை ரயில். மதியம் பெரியவளோடு நீண்ட பேச்சு.

அவள் குவஸ்தல்லா ஆஸ்பத்திரியில் பிறந்தவள். ஆனாலும் இத்தாலியக் குடிமகள் இல்லை, இந்தியப் பாஸ்போர்ட்தான். 1992-ஆம் ஆண்டின் 91-ஆம் எண் சட்டப்படி, இங்கே பிறந்து இடைவிடாமல் இங்கேயே வாழ்ந்த பிள்ளை 18 முடிந்து 19 ஆவதற்குள் கேட்டால் குடியுரிமை உண்டு. பெரியவர்கள் என்றால் பத்து வருடம் சட்டப்படி வசித்திருக்க வேண்டும். அதோடு வருமானக் கணக்கு, மொழித் தேர்வு, பிறகு இரண்டு மூன்று வருடக் காத்திருப்பு. பத்தை ஐந்தாகக் குறைக்கலாமா என்று 2025 ஜூன் 8, 9 தேதிகளில் பொது வாக்கெடுப்பு நடத்தினார்கள். பாதிப் பேராவது வாக்களித்தால்தான் செல்லும். முப்பது சதவீதம் பேர்தான் வந்தார்கள். வகுப்பில் 18 ஆன தோழர்கள் ஓட்டுப் போட்டார்கள், எனக்கு வயது வந்திருந்தாலும் ஓட்டு இல்லை என்றாள் அவள். பத்து வருடம் இங்கே வரி கட்டி, பிள்ளை பெற்று, பால் கறந்தவரை இன்னும் யோசித்துப் பார்க்கிறோம் என்று சொல்வது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

மார்ச்சில் அவளுக்கு 18. காகிதங்களை ஒரு கோப்பில் தயாராக வைத்திருக்கிறாள். மாந்துவாவிலிருந்து இங்கே வந்தபோது பதிவில் இடைவெளி விழவில்லை என்பதற்கான சான்றிதழ் உட்பட. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, எனவே பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். பாட்டி அதற்கு இன்னும் முகம் கொடுக்கவில்லை. கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. “தொழுவத்துக்குத்தான் வருவேன், மூன்று மணிக்கு மட்டும் வர மாட்டேன்” என்றாள்.

பாஜி மாலைக் கறவைக்குக் கிளம்புமுன் ஒரு காகிதத்தைக் காட்டினார். வங்கிக் கடன் கிடைத்துவிட்டது. நொவெல்லாராவில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு, மூன்று அறை, பின்னால் சின்னத் தோட்டம். பண்ணையிலிருந்து ஆறு கிலோமீட்டர். இனி அவர் விடியற்காலையில் இன்னும் முன்னதாக எழுந்து காரில் வர வேண்டும். ஆனால் எந்த முதலாளி மாட்டை விற்றாலும் பிள்ளைகள் பள்ளி மாற வேண்டாம். பிப்ரவரியில் நோட்டரி அலுவலகத்தில் பத்திரம். அன்றைக்குக் காலைக் கறவைக்கு மட்டும் விடுப்பு கேட்டிருக்கிறார். மாலைக் கறவைக்கு வந்துவிடுவாராம்.